எரிசக்தி ஆணைய நீதிபதிகளிடம் லா கிளார்க் வேலை: போகலாமா? நம் ஊரில் இதற்கு ஈடாக ஏதாவது உண்டா?

செந்தூல்_கவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூரில் சேம்பரிங், அதாவது வக்கீல் பயிற்சி, செய்துகொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி பாதி எனக்கு, பாதி என் பெரியம்மா மகளுக்கு. அக்கா அமெரிக்காவிலேயே பிறந்தவள், அந்த நாட்டுக் குடிமகள். அங்கே சட்டப்படிப்பை முடிக்கப் போகிறாள். வாஷிங்டனில் உள்ள கூட்டரசு எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில், சுருக்கமாக ஃபெர்க், ஆணையத்துக்குள்ளேயே வழக்கு விசாரிக்கும் நிர்வாகச் சட்ட நீதிபதிகளிடம் லா கிளார்க்காகச் சேர வாய்ப்பு வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் இது என்ன வேலை என்று பிடிபடவில்லை. பாட்டி இன்னும் நம் மின்சார நிறுவனமான டிஎன்பியைப் பழைய பெயரில் எல்.எல்.என். என்றுதான் சொல்வார், "இவ்வளவு படிச்சிட்டு எல்.எல்.என்.ல கிளார்க்கா?" என்று கேட்டார். மாமா ஒருவர், பேசாமல் பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போகச் சொல்கிறார்.

அங்கே உண்மையில் என்ன வேலை நடக்கிறது? அதை முடித்தவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள்? மலேசியாவில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதே மாதிரி வழி ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பங்சார்_வாசி எழுதியது:

கவி, நான் அந்த அலுவலகத்தில் ஒரு நீதிபதியிடம் வேலை பார்த்தவன். நியூ ஜெர்சியில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து தங்கிவிட்டேன். நான் தொட்ட வழக்குகளைப் பற்றி எதுவும் பேசமாட்டேன். பொதுப் பதிவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. வீட்டுக்கு வரும் மின்கட்டணத்தை அங்கே மாநிலங்கள் பார்த்துக்கொள்ளும். மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்கம்பித் தடம், மொத்த விலை மின் விற்பனை, எரிவாயுக் குழாய், எண்ணெய்க் குழாய், இவற்றின் கட்டணம்தான் ஃபெர்க்கின் பொறுப்பு. மின்சாரத்துக்கு 1935ஆம் ஆண்டுச் சட்டம், எரிவாயுவுக்கு 1938ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் ஒரே அளவுகோலைத்தான் சொல்கின்றன: கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், காரணத்தோடு இருக்க வேண்டும். மேலே 5 ஆணையர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் 3 பேருக்கு மேல் இருக்க முடியாது.

ஒரு நிறுவனம் கட்டணத்தை மாற்ற மனு போடும். வாடிக்கையாளர்கள் எதிர்ப்பார்கள். காகிதத்தை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாத உண்மைத் தகராறு இருந்தால் ஆணையம் அதை நிர்வாகச் சட்ட நீதிபதியிடம் அனுப்பும். பெரும்பாலும் முதலில் ஒரு சமரச நீதிபதியை நியமித்து, "உட்கார்ந்து பேசிப் பாருங்கள்" என்பார்கள். நிறைய வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாதவைதான் விசாரணைக்கு வரும்.

லா கிளார்க் இந்த வழி நெடுகிலும் நீதிபதியோடு இருப்பார். ஆவணம் கேட்டால் தர மறுக்கும் சண்டைகளுக்கு உத்தரவு வரைவது, சாட்சியம் முழுவதையும் படித்துக் குறிப்பு எழுதுவது, விசாரணையில் உட்கார்ந்து எந்தச் சான்று வழக்குப் பதிவில் ஏறியது, எது ஏறவில்லை என்று கணக்கு வைப்பது, கடைசியில் முதல்நிலைத் தீர்ப்பின் வரைவில் கை வைப்பது. சினிமாவில் வருவது மாதிரி சாட்சி கூண்டில் ஏறிக் கதை சொல்வதில்லை. பொருளாதார நிபுணர், பொறியாளர், கணக்காளர் எல்லாரும் தங்கள் சாட்சியத்தைக் கேள்வி பதிலாக முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவார்கள். நேரில் நடப்பது பெரும்பாலும் குறுக்கு விசாரணைதான். அதனால் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படித்துவிட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் எந்த வரியைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்று முதல் நாளே ஊகிக்கப் பழகிவிடுவோம். எனக்கு இந்தத் தொழிலில் கிடைத்த மிகப் பெரிய பயிற்சி இதுதான்.

அம்பாங்_வழக்கறிஞர் எழுதியது:

கவி, உற்சாகத்தைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதே. உன் அக்காவுக்கு வழக்கமான கூட்டரசு நீதிமன்றத்தில் லா கிளார்க்காக வாய்ப்புக் கிடைத்தால் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். அங்கே குற்றவியல், அரசியல் சாசனம், ஒப்பந்தம் என்று எல்லாம் வரும். இங்கே எப்போதும் கட்டணம், கட்டணம், கட்டணம்.

இன்னொன்று. இந்த நீதிபதிகள் எழுதுவது முதல்நிலைத் தீர்ப்புதான். அதை ஏற்கவோ திருத்தவோ புரட்டிப்போடவோ ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மாதக்கணக்கில் உழைத்து எழுதியதை மேலே 5 பேர் மாற்றி எழுதினால் இளம் வக்கீலுக்கு அதில் என்ன கிடைக்கும்?

அந்தப் பதவியின் சுதந்திரமும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2018இல் லூசியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பங்குச்சந்தை ஆணையத்தின் நிர்வாகச் சட்ட நீதிபதிகள் சாசனப்படி நியமிக்கப்பட வேண்டிய அதிகாரிகள் என்றது. 2024இல் ஜார்கஸி வழக்கில், அதே ஆணையம் மோசடிக்கு அபராதம் கேட்டால் எதிர்த்தரப்புக்கு ஜூரி விசாரணை உரிமை உண்டு என்றது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை அமைச்சே, இந்த நீதிபதிகளைப் பதவி நீக்கத்திலிருந்து காக்கும் பல அடுக்குப் பாதுகாப்பை இனி நீதிமன்றத்தில் ஆதரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஜனவரியில் கூட்டரசு வேலைகளுக்கு ஆளெடுப்பையும் நிறுத்தி வைத்தார்கள். வாய்ப்பு எழுத்தில் உறுதியாகி இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்.

பங்சார்_வாசி எழுதியது:

மேடம் சொன்ன ஆபத்துகள் உண்மைதான். எழுத்தில் உறுதி வாங்காமல் வேறு வாய்ப்பை விடக்கூடாது. ஆனால் "மேலே மாற்றிவிடுவார்கள், அதனால் என்ன பயன்" என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒரு வழக்கைக் காட்டுகிறேன். எல்லாம் பொதுப் பதிவு, நான் வேலை பார்த்த வழக்கு இல்லை.

அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் மிசோ என்ற மின்தட அமைப்பு உண்டு. அதில் மின்தடம் வைத்திருக்கும் நிறுவனங்கள் போட்ட பங்கு முதலுக்கு 12.38% ஆதாயம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அது அதிகம் என்று 2013 நவம்பரில் பெரிய வாடிக்கையாளர்கள் புகார் போட்டார்கள். விசாரணை நடந்து, 2015 டிசம்பரில் நீதிபதி முதல்நிலைத் தீர்ப்பில் 10.32% என்றார். 2016இல் ஆணையமும் அதையே ஏற்றது. பிறகு வேறொரு வழக்கில் நீதிமன்றம் ஆணையத்தின் அணுகுமுறையைக் கேள்வி கேட்க, கணக்கு முறையை மாற்றி 2019இல் 9.88% என்றார்கள். மறுபரிசீலனையில் 2020இல் 10.02%. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எண் கூடுதலா குறைவா என்று நீதிமன்றம் பார்க்கவில்லை. முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கணக்கு முறையைச் சரியான காரணம் சொல்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டீர்கள் என்றுதான் ரத்து செய்தது. 2024 அக்டோபரில் 9.98% என்று மறு உத்தரவு வந்தது.

கால் சதவீதம், அரை சதவீதத்துக்கு இவ்வளவு சண்டையா என்று தோன்றும். ஒரு மின்தட நிறுவனத்தின் சொத்து மதிப்பு 100 கோடி டாலர், அதில் பாதி பங்கு முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆதாயத்தில் 1% கூடினால் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர், வரி சேர்க்காமல். அதை வாடிக்கையாளர்தான் கட்ட வேண்டும்.

இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பங்குச்சந்தையில் உள்ள அதே மாதிரி மின் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றைப் போடுவார்கள். கடன் தகுதி பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஈவுத்தொகையைக் குறைத்திருக்கக் கூடாது, ஆய்வு நடக்கும் 6 மாதத்துக்குள் பெரிய இணைப்பில் சிக்கியிருக்கக் கூடாது. இரு தரப்பு நிபுணர்களும் ஒரே விதியைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒருவர் பட்டியலில் இருக்கும் நிறுவனம் அடுத்தவர் பட்டியலில் இருக்காது. இணைப்பு அறிவிப்பு வந்த தேதி எது? அது அந்த நிறுவனத்தின் பங்கு விலையை உண்மையிலேயே அசைத்ததா? பட்டியலில் உள்ள நிறுவனங்களின் ஆதாய மதிப்பீடுகள்தான் ஒரு வரம்பைத் தரும். அதன் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துவிட்டால் வரம்பு சுருங்கும், நடுப்புள்ளி கீழே இறங்கும். லா கிளார்க் உட்கார்ந்து பார்ப்பது அந்த ஒரு நிறுவனத்தை. எந்தச் சாட்சி, எந்தப் பக்கம், எந்த வரி, எதிர்த்தரப்பு அதற்குப் பதில் சொன்னதா இல்லையா என்று.

தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் தரப்புகள் ஆட்சேபம் எழுதும். ஆணையம் எதை மாற்றினாலும் பொதுவாக அதே பதிவை வைத்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு வழக்கு நீதிமன்றம் போனால் அங்கேயும் அதே பதிவுதான். தீர்ப்பின் எண் மாறலாம், கீழே கட்டிய பதிவு அப்படியே நிற்கும்.

சுபாங்_பொறியாளர் எழுதியது:

நான் மின் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வக்கீல் இல்லை. இதைப் படித்தபோது நம் ஊர்க் கணக்கு ஞாபகம் வந்தது. தீபகற்பத்தில் 2015 முதல் ஊக்க அடிப்படையிலான ஒழுங்குமுறை என்ற ஐ.பி.ஆர். முறை ஓடுகிறது. மூன்று மூன்று ஆண்டுக் காலம். முதல் காலத்துக்கு அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 38.53 சென், இரண்டாவதுக்கு 39.45, மூன்றாவதுக்கு 39.95. 2025 முதல் 2027 வரையிலான நான்காவது காலத்துக்கு 45.40 சென், அது 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிஎன்பியின் ஒழுங்குபடுத்தப்பட்ட சொத்துகளுக்கு அனுமதித்த ஆதாயம் முதல் காலத்தில் 7.5%, பிறகு 7.3%. இதுவும் கவியின் அக்கா பார்க்கப் போகும் அதே கணக்கின் இன்னொரு உருவம்தான். கடன், பங்கு முதல் இரண்டையும் கலந்து எடுத்த சராசரி என்பதால் அந்த 9.98உடன் நேராக ஒப்பிடக் கூடாது.

என் மனக்குறை இதுதான். பில் ஏறினால் நம் ஆட்கள் வாட்சாப்பில் பத்து நாள் கொதிப்பார்கள். அந்த 7.3 எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்த தமிழ் வக்கீலை நான் இதுவரை ஒரு கூட்டத்திலும் பார்த்ததில்லை. நம் பிள்ளைகள் சட்டம் படிப்பதில் குறைச்சல் இல்லை. எண்களைக் கண்டதும் "அது அக்கவுண்டன்ட் வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

கிள்ளான்_ரவி எழுதியது:

கவியின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புத்ராஜெயாவில் நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி அதிகாரியாக இருந்திருக்கிறேன். கூட்டரசு நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் இந்தப் பதவி உண்டு. நம் நாட்டில் லா கிளார்க்குக்குக் கிட்டத்தட்ட ஈடு என்றால் இதுதான். ஆனால் அமெரிக்காவில் மாதிரி நீதிபதி நேராகத் தேர்ந்தெடுத்து ஓரிரு ஆண்டு வைத்துக்கொள்ளும் வேலை இல்லை. நீதி, சட்டச் சேவைக்குள் அதிகாரியாக நுழைய வேண்டும், பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். இன்று ஆராய்ச்சி அதிகாரி, நாளை மாஜிஸ்திரேட் என்று மாறலாம். மலாய் மொழி கையில் நன்றாக இருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் உண்மைத் தகராறு பெரும்பாலும் கீழேயே முடிந்திருக்கும். அங்கே கற்பது சட்ட வாதத்தை எடை போடுவது. பங்சார் அண்ணா சொல்கிற, சாட்சியம் உருவாகும்போதே பக்கத்தில் இருக்கும் அனுபவம் அங்கே கிடைக்காது. எரிசக்தி வழக்குகளும் அரிது. நான் பார்த்தவரை மின்சாரம் என்று வந்தால் பெரும்பாலும் மீட்டரில் கைவைத்த வழக்குகள்தான். 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டம் 38ஆவது பிரிவில் இழந்த வருமானத்தைக் கேட்பார்கள். அதையும் சாதாரணமாக நினைக்காதே. எந்தத் தேதியிலிருந்து மீட்டர் குறைவாக ஓடியது, அந்தத் தேதியை எப்படி முடிவு செய்தார்கள், சராசரியை எந்த மாதங்களை வைத்து எடுத்தார்கள் என்று கேட்கத் தெரிந்த இளம் வக்கீல், சின்னக் கடைக்காரர் ஒருவர் கட்ட வேண்டிய தொகையையே மாற்றிவிடலாம். சேம்பரிங்கில் அப்படி ஒரு கோப்பு வந்தால் ஓடிப்போய் வாங்கிக்கொள், தங்கச்சி.

அம்பாங்_வழக்கறிஞர் எழுதியது:

ரவி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இங்கே மின்கட்டணத்துக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். எரிசக்தி ஆணையம் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது, கணக்கைப் பரிசீலிப்பது அதன் வேலை. ஆனால் நீதிபதி முன் எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் அமர்வு கட்டணத்துக்கு இல்லை. முடிவை எதிர்க்க வேண்டுமானால் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான். நீதிமன்ற விதிகளின் 53ஆவது கட்டளைப்படி 3 மாதத்துக்குள் போட வேண்டும், முதலில் அனுமதி வாங்க வேண்டும். நீதிமன்றம் 7.3 சரியா 7.1 சரியா என்று உட்கார்ந்து கணக்குப் போடாது. முடிவு எடுத்த விதம் சட்டப்படி இருந்ததா, நியாயமான ஒருவர் எடுக்கக்கூடிய முடிவா என்றுதான் பார்க்கும்.

அதற்காக அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டேன். 2013இல் போட்ட புகாருக்கு 2024இல் விடை. பதினோரு ஆண்டு வக்கீல் செலவை யார் தாங்குவது?

பங்சார்_வாசி எழுதியது:

மேடம், அந்தப் பதினோரு ஆண்டில் புகாரிலிருந்து நீதிபதியின் தீர்ப்பு வரை போனது ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான். மீதி எல்லாம் ஆணையம் முறையை மாற்றியதாலும் மேல்முறையீட்டாலும் போனது. விசாரணையைக் குறை சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பொது விசாரணை வைத்தால் ஒப்பந்த ரகசியம் வெளியாகுமே என்று இங்கே சொல்வார்கள். அங்கேயும் உண்டு. ரகசியத் தாள்களுக்கு நீதிபதி பாதுகாப்பு உத்தரவு போடுவார், கையெழுத்திட்டவர்கள் மட்டும் பார்ப்பார்கள், ஊருக்குக் கறுப்படித்த பிரதி போகும். வழி இருக்கிறது, மனசுதான் வேண்டும்.

சுபாங்_பொறியாளர் எழுதியது:

முழு விசாரணை வேண்டாம், சரி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அந்த ஆதாய விகிதத்துக்கு மட்டுமாவது இரு தரப்பு நிபுணர்களையும் பொதுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாமே. 2027 முடியும் முன்பே அடுத்த காலத்துக்கான கணக்கு தொடங்கிவிடும். கேட்க வேண்டியவர்கள் இப்போதே தயாராக வேண்டும்.

அம்பாங்_வழக்கறிஞர் எழுதியது:

அது நடக்கக்கூடிய யோசனை, சார். அதற்கு என் ஆதரவு உண்டு.

செந்தூல்_கவி எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அக்காவிடம் இந்த இழையை அப்படியே அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது: சேர்வதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும், முடித்த பிறகு எங்கே போகலாம்? எனக்கு இன்னொரு கேள்வி: அமெரிக்கக் குடிமகள் இல்லாத நான், இங்கே இருந்துகொண்டு இந்தத் துறையைப் படிக்க முடியுமா?

பங்சார்_வாசி எழுதியது:

அக்காவுக்கு: முதல் வேலை, பங்கு முதலீடுகளைப் பார்க்கச் சொல். ஃபெர்க் ஊழியர்கள் அந்த ஆணையம் ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்க முடியாது. அப்பா ஆசையாய் வாங்கித் தந்த பங்கு என்றாலும் விற்றாக வேண்டும். இரண்டாவது, வாய். நடக்கும் வழக்கைப் பற்றித் தரப்புகளிடம் தனியே பேசக்கூடாது. ஆணையத்திலேயே விசாரணையில் ஒரு தரப்பாக வாதாடும் ஊழியர் பிரிவு ஒன்று உண்டு. ஒரே கட்டடத்தில் இருந்தாலும், லிஃப்டில் பார்த்தாலும், அவர்களிடமும் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. மூன்றாவது, 1923ஆம் ஆண்டு புளூஃபீல்டு தீர்ப்பும் 1944ஆம் ஆண்டு ஹோப் தீர்ப்பும். முதலீட்டாளருக்கு எவ்வளவு ஆதாயம் போதும் என்ற கேள்விக்கு இன்றும் எல்லாரும் இந்த இரண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இரண்டையும் அவசரமில்லாமல் முழுதாகப் படிக்கச் சொல்.

முடித்தவர்கள் போகும் இடங்கள்: எரிசக்தி வழக்கு நடத்தும் சட்ட நிறுவனங்கள், மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள், மின்தட அமைப்புகள், நுகர்வோர் தரப்பு அலுவலகங்கள், ஆணையத்தின் மற்றப் பிரிவுகள். மாமா சொல்கிற பெரிய நிறுவனத்தில் தொடக்கச் சம்பளம் இதைவிட அதிகம்தான், அதை மறைக்கவேண்டாம். ஆனால் அதே நிறுவனத்தின் எரிசக்திப் பிரிவுக்குப் பிறகு போகும்போது, நீதிபதியின் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்த ஆளாகப் போவாள். நான் அவள் இடத்தில் இருந்தால் சேர்ந்துவிடுவேன்.

உனக்கு, கவி: வேலை கிடைப்பது கஷ்டம், கூட்டரசு அரசுப் பதவிகள் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். படிக்க எந்தத் தடையும் இல்லை. ஃபெர்க்கின் ஈலைப்ரரி என்ற பொதுக் களஞ்சியத்தில் மனு, சாட்சியம், விசாரணைப் பதிவு, தீர்ப்பு எல்லாம் இலவசம். இங்கே வாய்ப்பும் சின்னதில்லை: பெரிய சூரிய மின்னுற்பத்தித் திட்டங்கள், நிறுவனங்கள் நேரடியாகப் பசுமை மின்சாரம் வாங்கும் கிரெஸ் திட்டம், 2017 முதல் எரிவாயுக் குழாயில் மூன்றாம் தரப்புக்குத் திறந்த வழி, சபாவில் 2024 முதல் தனி எரிசக்தி ஆணையம். மின் கொள்முதல் ஒப்பந்தத் தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனால், ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் இருக்கும் ஆசிய அனைத்துலக நடுவர் மையம் உன் சேம்பரிங் அலுவலகத்திலிருந்து எவ்வளவு தூரம் இருக்கப் போகிறது?

கிள்ளான்_ரவி எழுதியது:

ஒரு யோசனை. தனியே படித்தால் நிபுணர் சாட்சியத்தின் முதல் அட்டவணையிலேயே நின்றுவிடுவோம். பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடி ஒரே வழக்கை எல்லாரும் படிக்கலாமா? சுபாங் சார் கணக்குப் பக்கம் உதவினால் நன்றாக இருக்கும்.

சுபாங்_பொறியாளர் எழுதியது:

கட்டாயம் வருகிறேன். எந்த வழக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அட்டவணைகளை எக்செல்லில் போட்டுக் கொண்டுவருகிறேன்.

பங்சார்_வாசி எழுதியது:

வழக்கு எண் இ.எல். 14-12. நான் மேலே சொன்ன மிசோ புகார்தான். 2015 டிசம்பர் முதல்நிலைத் தீர்ப்பை முதலில் எடுங்கள். நிறுவனப் பட்டியல் பற்றிய பகுதியை மட்டும் முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

செந்தூல்_கவி எழுதியது:

இறக்கிவிட்டேன். ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன்.